சிக்னலண்ணனின் வலது கை

திருப்பூரில் ஓடுகிற தையல் மெஷின்களை நிறுத்த இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று மின்வெட்டு. இன்னொன்று சிக்னலண்ணனின் வலது கை. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரைப் போட்டுச் சமாளித்துவிடலாம். சிக்னலண்ணன் கையைத் தூக்கிவிட்டால் முதலாளியே வந்தாலும் ஒரு ஊசி இறங்காது.

அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆதார் அட்டையில் இருக்கலாம். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசராக நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், வாட்ச்மேன் "அப்படி ஆருமில்லீங்களே" என்று கேட்டைச் சாத்திவிடுவார். "சிக்னலண்ணன்" என்று கேட்டால் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்.

தையல் ஃப்ளோருக்கு அவர்தான் சூப்பர்வைசர். அந்த ஃப்ளோரில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒரே சமயத்தில் கத்தும். ஒரு வரிசையில் ஒடிசாக்காரர்கள், அடுத்ததில் பீகார்க்காரர்கள், அதற்கடுத்து தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள், மிச்சம் நம்மூர்க்காரர்கள். சிக்னலண்ணனுக்குத் தெரிந்தது கொங்குத் தமிழ் ஒன்றுதான். அந்த இரைச்சலில் அது அவர் காதுக்கே எட்டாது. அதனால் வலது கையை வைத்தே ஒரு பாஷையை உண்டாக்கிவிட்டார். காற்றில் வட்டம் சுழற்றினால் வேகம். வயிற்றைத் தட்டினால் அடிமடிப்பு. காதைப் பிடித்து இழுத்தால் லேபிள் தைக்கும் வேலை. கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினால் அரைக்கை பண்டிலை எடு. நேராக வானத்தைப் பார்த்துத் தூக்கினால் எல்லாவற்றையும் நிறுத்து.

அந்த ஃப்ளோரில் டீ டைமுக்கு மணியே கிடையாது. முன்பு ஒன்று இருந்ததாம். சிக்னலண்ணன் வந்த பிறகு அதை யாரும் மதிக்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார்கள்.

பழக்கம் கம்பெனியோடு நின்றதா என்றால் அதுதான் இல்லை. போனில் பேசும்போதும் அந்தக் கை ஆடும். கல்யாணப் பந்தியில் ஒரு முறை தனக்கு ரசம் போதும் என்பதற்காக அவர் கையைத் தூக்க, பரிமாறிக்கொண்டிருந்தவர் அந்த வரிசை முழுவதற்கும் ரசத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். மீதிச் சோற்றை வெறும் சோறாகவே விழுங்கினேன். பெருமாநல்லூர் ரோட்டை அவர் கடக்கும்போது நாங்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே நடப்போம். லாரி நின்றே தீரும் என்று அவ்வளவு நம்பிக்கை.

இப்படி ஊரையே ஆட்டிவைத்த அந்தக் கையின் மேல் ஒரே ஒருவருக்கு மட்டும் தீராத மனக்குறை இருந்தது. அது அவருடைய மனைவி சரசக்கா. எங்கள் செக்கிங் செக்‌ஷனில் பீஸ்களைப் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. நம் பக்கத்தில் இப்போது வள்ளி கும்மி எப்படிப் பரவியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமானால் கோயில் மைதானத்துக்கு மைதானம் முருகனையும் வள்ளியையும் பாடிக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் கைதட்டி ஆடுகிறார்கள். எங்கள் ஃப்ளோரில் பாதிப் பேர் ஓர் அணியில் சேர்ந்துவிட்டார்கள். சரசக்காவும் சேர்ந்தார். சேர்ந்த கையோடு புருஷனையும் இழுத்தார்.

"எனக்கெதுக்குங் கும்மி? நான் பகலெல்லாம் கம்பெனில ஆடறது பத்தாதா?" என்றார் சிக்னலண்ணன்.

"அதத்தான் மாமா நானும் சொல்றேன்" என்றார் சரசக்கா. "கல்யாணமான நாள்ல இருந்து இந்தக் கை ஊருக்கெல்லாம் ஆடிட்டிருக்குது. ஒரு நாளைக்கு எனக்குனு ஆடட்டுமுங்க."

மறுநாளே சிக்னலண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார். கும்மி வாத்தியார் ஒரு தரம் அவர் கையை வீசச் சொல்லிப் பார்த்துவிட்டு, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் முன்வரிசையில் நிறுத்திவிட்டார். வருகிற தை மாதம் பெருமாநல்லூரில் அரங்கேற்றம் என்று முடிவானது. சரசக்கா அரங்கேற்றச் சேலைக்கு என்ன ரவிக்கை என்பதைத் தவிர வேறு எதுவுமே பேசாமல் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தக் கை மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் சட்டை போடும்போது வலித்தது. பிறகு பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகிற வலி. சிக்னலண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார். தலையை இடது கையால் சீவிக்கொண்டு, வகிடு தப்பான பக்கத்தில் இருக்க, "இது புது ஸ்டைலுங்க அம்மிணி" என்று என்னிடமே சொன்னார். நானும் நம்பினேன்.

குட்டு உடைந்தது ஒரு டீ டைமில். ஒரு குளிர் நாட்டுக்கு முழுக்கை பனியன் ஓடிக்கொண்டிருந்தது. டீக்காரர் கேனோடு வந்து நின்றார். சிக்னலண்ணன் எப்போதும்போல நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். கை தோள் உயரம் வரை வந்தது. அதற்குமேல் ஒரு இஞ்சுகூட ஏறவில்லை. ஃப்ளோரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். தோள் உயரத்துக்குக் கை என்றால் என்ன? அரைக்கை. ஒரு ஆளும் டீக்கு எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் வேறு ஆர்டருக்காக வைத்திருந்த அரைக்கை பண்டில்களை வரிசை வரிசையாக எடுத்து, அந்தக் குளிர்நாட்டு பனியனின் உடம்புப் பகுதியோடு சேர்த்துச் சுறுசுறுப்பாகத் தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிக்னலண்ணன் பதறிப்போய் மறுபடி தூக்கினார். மறுபடியும் தோள் உயரம்தான். "சரிங்க, சரிங்க, அரைக்கைதான்" என்று அவர்கள் இன்னும் வேகமாகத் தைத்தார்கள். அவர் தூக்கத் தூக்க அரைக்கை குவிந்தது. டீக்காரர் ஆறிப்போன கேனைத் தூக்கிக்கொண்டு கோபமாகப் போய்விட்டார்.

பனி கொட்டுகிற ஊரில் முழங்கை தெரிய நடக்கிற ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்தார்கள். ஆர்டர் கொடுத்த பையரிடம் தாமதத்துக்கு நான் என்ன காரணம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். "எங்கள் சூப்பர்வைசரின் கை முக்கால்வாசிதான் ஏறுகிறது" என்று எந்த நாட்டு இங்கிலீஷிலும் எழுத முடியாது.

விஷயம் வெளியே வந்ததும் ஃப்ளோர் முழுக்க வைத்தியர்கள் முளைத்துவிட்டார்கள். பீகார் டெய்லர் முன்னா கடுகெண்ணெய்ப் பாட்டிலோடு வந்து, "சிக்னல் பையா, சர்சோ தேல்! ஏக்தம் டீக்!" என்று தேய்த்த தேய்ப்பில் அவர் தோள் வழுக்கியதே தவிர கை ஏறவில்லை. கட்டிங் மாஸ்டர் துணி ரோல் மாட்டுகிற கம்பியில் தொங்கச் சொன்னார். தொங்கினார். அவர் போட்ட அலறல்தான் அந்த ஃப்ளோரில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்ட ஒரே மனிதக் குரல். அடுத்து சிக்னலண்ணன் அயர்னிங் செக்‌ஷனுக்குப் போய், தோளுக்குக் கொஞ்சம் ஸ்டீம் பிடிக்கச் சொன்னார்.

"வேண்டாமுங்ணா" என்று அயர்ன் மாஸ்டர் கும்பிட்டார். "துணிக்குப் புடிக்கற ஆவி இது. உங்க தோலு வெந்து போயிருமுங்க."

கடைசியில் சிக்னலண்ணனே ஒரு முடிவுக்கு வந்தார். ஓயாமல் ஆடிய கை, ஓய்வு கேட்கிறது. கழுத்துப்பட்டிக்கு வெட்டிய ரிப் துணியில் மிச்சத்தை எடுத்துத் தூளி மாதிரி தைத்து, அதில் கையைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. நீலச் சட்டைக்கு நீலத் தூளி, மெரூன் சட்டைக்கு மெரூன் தூளி, வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள். அசைக்காமல் வைத்திருந்தால் தானே சரியாகிவிடும் என்று வாரக்கணக்கில் அப்படியே உலாவினார். கை சரியாகவில்லை. கல்லாகிவிட்டது.

கும்மி வாத்தியார் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கும் அணி முக்கியம். "முன்வரிசைல தூளி கட்டிட்டு நின்னா பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா மட்டும் ஆடட்டுமுங்க. அண்ணன் குணமானதும் பாத்துக்கலாம்."

சரசக்கா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். "அவரு இல்லாம நான் ஏறமாட்டேனுங்க. அடுத்த அரங்கேத்தத்துல ரெண்டு பேருமா ஏறிக்கிறோம்."

அந்தத் தை மாதம் எங்கள் ஃப்ளோரே பெருமாநல்லூரில் ஆடிக்கொண்டிருந்தபோது, கட்டாத புதுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு சரசக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் மஞ்சள் தூளியில் சிக்னலண்ணன். என் வாழ்க்கையில் அவர் எந்தக் கையையும் அசைக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் அவரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். யாரும் சொல்லவில்லை. நானும் சரசக்காவும் கூடவே போனோம். டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். சர்க்கரையும் ஏகத்துக்கு இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், இரண்டையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும் என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்தார், தோள் மூட்டில் ஓர் ஊசி போட்டார், பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோதெரபி அறையில் இருந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வயது குறைவு, குரல் பெரிசு. தூளியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"இத யாரு அண்ணாச்சி கட்டச் சொன்னா?"

"நானேதானுங்க. ரெஸ்ட்டுக்கு."

"நல்லா ரெஸ்ட் குடுத்திய போங்க! அசைக்காம வச்சா இது இன்னும் இறுகத்தான் செய்யும். இப்ப கவனமா கேளுங்க. தோள் மூட்டச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது மொதல்ல புண்பட்டு வலிக்கும். அப்புறம் தடிச்சுச் சுருங்கிப் போவும். உள்ள எலும்பு நல்லாத்தான் இருக்கு, உறைதான் பத்தல. அதான் கை ஏற மாட்டேங்கு."

சிக்னலண்ணன் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு தெளிவு வந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, இது ஷ்ரிங்கேஜுங்க!"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பனியன் தொழிலில் இருப்பவனிடம் பேய் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், சிரிப்பான். துவைத்த துணி சுருங்கிவிட்டது என்று சொல்லுங்கள், வியர்த்துவிடுவான். சிக்னலண்ணன் தன் தோளுக்கு வந்த வியாதியை அந்த ஒரே நொடியில் முழுசாகப் புரிந்துகொண்டார்.

"அப்ப இத இழுத்து அளவுக்குக் கொண்டு வரோணுமுங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"வெடுக்குனு இழுத்தா?"

"கிழிஞ்சுரும்லா! கம்பியில தொங்குறது, ஆள வச்சு முறுக்குறது, ஒண்ணும் கூடாது. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா. பொறுக்குற வலி வரைக்கும் போவணும், அதுக்கு மேல போவக்கூடாது. கைய விட்டுட்டியன்னா பழையபடி இறுகும். வருசக்கணக்காவும். ஆனா பெரும்பாலும் சரியாயிரும்."

"அடுத்த தைக்குள்ள ஆயிருமுங்களா?" என்று கேட்டது சரசக்கா.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. "தெரியாதுக்கா. முயற்சி பண்ணுவோம்" என்றார்.

சிக்னலண்ணன் தூளியைக் கழற்றி அங்கேயே குப்பைக்கூடையில் போட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம்தான். மெரூன் ரிப் நல்ல தரம்.

அதன் பிறகு தொடங்கியது பயிற்சி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டம் சுழற்ற வேண்டும். முதல் நாளே இதை ஃப்ளோர் ஓரத்தில் நின்று செய்துவிட்டார். வட்டம் என்றால் என்ன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேகம். மெஷின்கள் பறக்க ஆரம்பித்தன. அவர் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார், இவர்கள் வியர்த்து ஊற்ற ஊற்றத் தைத்தார்கள். முன்னா அழாத குறையாக எழுந்து வந்து, "பையா, பஸ் கரோ! போதும்! கை போயிடும்!" என்றான். முதலாளிக்கு மட்டும் வாயெல்லாம் பல். "ஏனுங்க சிக்னல், இந்தப் பயிற்சிய நல்லா நெறையப் பண்ணுங்க. ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார். சரசக்கா வந்து புருஷனைத் துணி ரோல்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் செய்ய வைத்தார்.

அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மேலே ஏற வேண்டும், எட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். சிக்னலண்ணன் தையல் சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். அந்தச் சுவர் ஃப்ளோரின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் மெஷினுக்குப் போகும் முன் சுவரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கோடு ஏறியிருந்தால் அன்றைக்கு ஃப்ளோரில் பாட்டு. ஏறாவிட்டால் எண்ணெய் போடாத மெஷின் மாதிரி எல்லோரும் கடமுடவென்று இருப்பார்கள். சில நாட்கள் கோடு கீழே இறங்கியும் போகும். அன்றைக்கு முன்னா யாருக்கும் தெரியாமல் அதை அழித்துக் கொஞ்சம் உயரத்தில் போட்டுவிடுவான். சிக்னலண்ணன் கண்டுபிடித்துத் திட்டுவார். "அளவுல ஏமாத்தக்கூடாது கண்ணு. பீஸ் ரிஜெக்ட் ஆயிரும்."

சர்க்கரை விஷயம் தனிக்கதை. டீக்கடையில் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்ல அவர் ஒரு விரல் சொடுக்கு வைத்திருந்தார். சரசக்கா கடைக்கே நேரில் போய், "அந்தச் சொடுக்கு இனி செல்லாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பாவம் மனுஷன், பல நாள் கடை வாசலில் நின்று சொடுக்கிக்கொண்டே இருந்தார். டீ மாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஆற்றினார்.

இதற்கிடையில் ஃப்ளோர் எப்படி ஓடியது என்கிறீர்களா? டீ டைமுக்கு அவர் கை தோள் உயரம் வந்ததும் சரசக்கா செக்கிங் டேபிளிலிருந்து தன் கையை உயரத் தூக்குவார். அவர் கை பாதி, அவர் மனைவியின் கை மீதி. மெஷின்கள் நின்றன.

மாதங்கள் ஓடின. ஆனியில் வலி குறைந்தது. ஐப்பசியில் பர்ஸ் மறுபடி பின்பாக்கெட்டுக்குப் போனது. வகிடு பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் கோடு காதுக்கு நேரே வந்து நின்றுகொண்டு அதற்குமேல் நகரவே மாட்டேன் என்றது. "கடைசிக் கொஞ்சம்தான் அண்ணாச்சி ரொம்ப அடம்பிடிக்கும். விடாதிய" என்றார் பிசியோதெரபிப் பெண். மார்கழியும் வந்துவிட்டது. கும்மி வாத்தியார் ஒத்திகையில் பார்த்தார். தலைக்குமேல் கைதட்டுகிற அடவில் அணி முழுக்க மேலே தட்ட, இவர் மட்டும் காதோரம் தட்டினார். தாளம் ஒன்றுதான், உயரம்தான் வேறு.

"கடைசி வரிசைல நின்னுக்கறீங்களாங்ணா?" என்றார் வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நிக்கிறேனுங்க. சரசு முன்னாடியே இருக்கட்டும்."

சரசக்கா முன்வரிசையிலிருந்து கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போய்க் கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அரங்கேற்றத்தன்று பெருமாநல்லூர் மைதானத்தில் எள் விழ இடமில்லை. பச்சைச் சேலையும் பச்சைச் சட்டையுமாக வரிசை வரிசையாக நின்றார்கள். நான் நடனம் தெரியாத ஜென்மம் என்பதால் நாற்காலியில். பக்கத்து நாற்காலியில், லீவு போட்டுவிட்டு வந்திருந்த திருநெல்வேலிப் பெண். அவர் கண் பாட்டிலும் இல்லை, ஆட்டத்திலும் இல்லை. கடைசி வரிசையில் ஒரு தோளில் இருந்தது.

பாட்டுக்குப் பாட்டு வேகம் ஏறியது. சிக்னலண்ணன் ஆடினார் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டம். குனிந்து தட்டினார், சுழன்று தட்டினார், சரசக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார். உடம்பு நன்றாகச் சூடேறிவிட்டது. கடைசிப் பாட்டில் அந்தத் தலைக்கு மேல் தட்டுகிற அடவு வந்தது. எல்லாக் கைகளும் ஏறின. அவர் கையும் ஏறியது. காது வரை வந்தது. காதைத் தாண்டியது. தலைக்கு மேலே போய் இரண்டு கையும் பளிச்சென்று தட்டின.

"ஏறிட்டு! ஏறிட்டு!" என்று பக்கத்து நாற்காலி என் தோளைப் போட்டு உலுக்கியது.

மற்றவர்கள் எல்லோரும் கையை இறக்கி அடுத்த அடிக்குப் போனார்கள். சிக்னலண்ணன் இறக்கவில்லை. வலது கை நேராக வானத்தைப் பார்த்து நிற்க, அது யாருடைய கையோ என்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கையை முதலில் பார்த்தது அணியில் ஆடிக்கொண்டிருந்த முன்னா. அவன் நின்றான். அவனைப் பார்த்து ஓவர்லாக் டெய்லர்கள் நின்றார்கள். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவர்தான் அங்கே மேளம் அடித்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்காகப் பழகிய கண் அவருக்கும். குச்சி அந்தரத்தில் நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் மைதானம் முழுவதும் கப்சிப். தூசி மட்டும்தான் பறந்துகொண்டிருந்தது.

வாத்தியார் மைக்கில் அலறினார். "ஏனுங்க! ஆருங்க நிறுத்தச் சொன்னது?"

நாலு மூலையிலிருந்தும் ஒரே குரலில் பதில் வந்தது. "சிக்னலண்ணனுங்க!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அப்போதுதான் மனுஷனுக்குச் சுயநினைவு வந்தது. வெட்கப்பட்டுப்போய் அவசர அவசரமாகக் கையைக் கீழே இறக்கப் பார்த்தார். சரசக்கா அவர் முழங்கையைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"எறக்காதீங்க மாமா" என்றார். "செத்த நேரம் அப்படியே இருக்கட்டுமுங்க."

அவர் இறக்கவில்லை. மேளக்காரர் அடிக்கவில்லை, வாத்தியார் பாடவில்லை, நானும் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கை எத்தனை நேரம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும் என்று இருந்தது எனக்கு.